எண்ணெ தடவுன தாடி

இல்ல தங்கச்சி, நீ மாஸ்க்க கழட்டாத. உன்ன பேச வெச்சா வெளிய தள்ளிடுவன்னு அந்த நர்ஸம்மா வாசல்லயே புடிச்சி மெரட்டித்தான் உள்ள வுட்டுச்சி. எனுக்கு அதுல ஒண்ணும் கஷ்டமில்ல. நான் வாயத் தொறந்தா எதிர்ல இருக்கறவங்களுக்கு சான்ஸே கெடைக்காது. எங்க வூட்ல காசம்மாள கேட்டுப் பாரு, கல்யாணமாகி இருவத்தி மூணு வருஷமா உம்முனு ஒரு சத்தத்துலயே குடும்பம் நடத்திகினு இருக்கறா.

யாருன்னு தெரியலையா? எப்பிடித் தெரியும். ஃபயர் சர்வீஸும்மா. உங்க கம்பெனில ஆசிட்டு ஒழுகினப்ப வந்தோமே, அதுல ஒருத்தன். உன் பொண்ணு ஜெயசித்ராவுக்கு என்ன நல்லா தெரியும். மூணு நாளு நானும் இங்கதான், கீழ ஆம்பளைங்க வார்டுல கெடந்தன். ஓடியாந்து கால்ல வுழுந்துச்சி, எங்கம்மாவ காப்பாத்தப் போயி உங்களுக்கு இப்பிடி ஆயிடுச்சேன்னு. ரெண்டு சீப்பு பழம் வேற. எழுந்து தடுக்கலாம்னா கைல டிரிப்ஸு. கொழந்தய வுழ வுட்டுட்டு படுத்தே கெடந்தன். அந்தப் பழத்துல ஒண்ணு கூட எனுக்கு எறங்கல, பக்கத்து பெட்டுக்காரன் தின்னான்.

இன்னிக்கும் கீழதான் உன் பொண்ண பாத்தன். இட்லி வாங்கப் போவுது. கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடக்குது. இன்னாம்மான்னு கேட்டா, நாளைக்கி லேபர் ஆபீஸ்லருந்து அம்மாவ விசாரிக்க வர்றாங்க மாமான்னு சொல்லிச்சி. கம்பெனிக்காரன் எழுதிக் குடுத்திருக்கறானாமே, அமுதந்தான் பெருக்குற வண்டியால பைப்ப இடிச்சி ஒடச்சிட்டா, பொகைய குடிச்சி இப்ப அவளுக்கு மூள கொழம்பிடுச்சி, அவ சொல்றத ஒண்ணும் எடுத்துக்காதீங்கன்னு. காத்தாலையே வால்வு சொட்டுதுன்னு நீ சூப்ரவைசர் கிட்ட போயி சொன்னியாமே. அத்தயும் இல்லன்றானாம்.

அது கூட பரவால்ல தங்கச்சி, அவன் கம்பெனிக்காரன், அப்பிடித்தான் சொல்லுவான். உன் பொண்ணு அடுத்து சொன்னதுதான் எனுக்கு இங்க குத்திச்சி. அம்மாவே இப்ப நம்பறதில்ல மாமா, எனுக்கு நெஜமாவே பைத்தியம் புடிச்சிடுச்சாடின்னு நோட்டுல எழுதிக் காட்றாங்கன்னுது. இந்த நோட்டுதானா? வெய்யி வெய்யி, நான் ஒண்ணும் படிக்கல. பக்கத்துல இருக்கட்டும்.

அதான் மேல வந்தன். அன்னிக்கி நீ உள்ள இருந்த, நான் வெளியருந்து வந்தன். ரெண்டையும் சேத்தாதானே இன்னா நடந்துச்சின்னு தெரியும். நான் சொல்றன், நீ கேளு. ஆமான்னா கண்ண மூடித் தொற. இல்லன்னா அந்த டம்ளர எடுத்து அடி.

செவ்வாக்கெழம பத்தே முக்காலுக்கு போனு. பேசினவன் கம்பெனில பொகைன்னான், வெச்சிட்டான். நாங்க நெருப்புன்னு நெனச்சி வண்டிய எடுத்துட்டோம். ஒதியம்பட்டு தாண்டினதும் மூக்க கிள்ற மாதிரி ஒரு வாட. வெளிய பாத்தா, பாதி ஜனம் துண்ட வாயில பொத்திகினு எதிர்ல ஓடியாருது, மீதி ஜனம் செல்போன தூக்கிப் புடிச்சிகினு பொகைய பாத்து ஓடுது. எனுக்கா, கேமராவ பாத்ததும் நெஞ்சு நிமுந்துகிச்சி. டிரைவர் கிட்ட நேரா கம்பெனி கேட்டுக்கே வுடுய்யான்றன்.

எங்க ஆபீசர் சிராஜுதீன் சார் இருக்காரே, வயசுல எனுக்கு பன்னெண்டு சின்னவரு, அவுருதான் நிறுத்துன்னாரு. எரநூறு மீட்டர் முன்னாடியே. எந்தப் பக்கம் காத்துன்னு தெரியாம உள்ள போனா வண்டியோட சேந்து நாமளும் படுத்துடுவோம் அண்ணேன்னாரு. சைக்கிள் ஸ்டாண்டு மேல ரெண்டு கட்சிக் கொடி பறந்துகினு இருந்துச்சி. ரெண்டும் ஒரே பக்கம் பாத்து பறந்துச்சி, நம்ம ஊர்ல அது ஒண்ணே அதிசயம். கம்பெனில இருந்து உறுவையாறு பக்கமா காத்து போவுது. சரின்னு திரும்பி சுத்திகினு வந்து இந்தப் பக்கம், காத்து நம்ம முதுவுல அடிக்கிற பக்கமா நிறுத்தினோம். ஜனத்த பொகை போற வழியிலயே ஓட வுடாம, குறுக்கால வயல் பக்கம் தள்ளிவுட்டாரு. இதெல்லாம் நான் இஸ்கூல் இஸ்கூலா போயி புள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்கற பாடம். அன்னிக்கி அத்தனையும் அவுரு செஞ்சாரு, நான் நெஞ்ச நிமுத்திகினு நின்னன்.

இன்னா ஆசிட்டுன்னு தெரியணும்ல அடுத்து. டேங்குல போர்டு இருக்கும், அத்த தூரத்துல இருந்தே பைனாகுலர்ல பாத்து படிச்சிடலாம். பாத்தா போர்டையே காணம். ஆயுத பூசைக்கு டேங்க கழுவி, புதுசா பெயின்ட்டு அடிச்சி, போர்டு இருந்த எடத்துல இத்தாம் பெரிய சந்தனப் பட்ட, நடுவுல குங்குமம். பூச நல்லா பண்ணியிருக்கறானுங்க, கொற சொல்ல முடியாது. மேனேஜர் வேற வேர்த்து வழிஞ்சிகினு, சாதா கிளீனிங் லிக்விட் சார்ன்றான். செக்யூரிட்டி மேசைல லாரிக்காரன் வுட்டுட்டுப் போன சீட்டு கெடைச்சிச்சி, அதுல பாத்தாதான் தெரியுது, நாம பாத்ரூமுக்கு ஊத்துறோமே ஆசிட்டு, அதோட அப்பன், பத்தாயிரம் லிட்டரு.

ஆபீசர் அடுத்தடுத்து சொல்லிகினே போறாரு. ஹோஸ்ல தண்ணிய பீச்சி அடிக்காத, பூவா தெறிக்க வுட்டு பொகைக்கு குறுக்க தெர மாதிரி கட்டு. தேங்கிக் கெடக்கற ஆசிட்டு மேல நேரா அடிச்சிடாத, கொதிச்சி தெறிக்கும். மணல கொட்டி வாய்க்கா பக்கம் போவாம அண கட்டு. அந்த வாய்க்கா தண்ணிதான் அந்தாண்ட நடவு போட்ட வயலுக்கெல்லாம் போவுது. உள்ள ஆளு போறதுக்கு முன்னாடியே வெளிய வர்றவன நிக்க வெச்சி கழுவ ஷவர் போடு. உள்ள போவ ரெண்டு பேரு, அவங்களுக்கு ஒண்ணுன்னா தூக்கியார ரெண்டு பேரு. அப்பதான் உங்க கூட வேல செய்யிற பொம்பள ஒருத்தி அழுதுகினே ஓடியாந்து சொன்னா, அமுதம் உள்ளயே இருக்குது, வெளிய வரலன்னு.

இருமறியா? தோ, மெதுவா. தலவாணிய ரவ தூக்கி வெக்கட்டுமா? சரி சரி, டம்ளர அடிக்காத, வெக்கல.

இப்ப என் தாடிக்கு வரணும். ஆமா, அன்னிக்கி எனுக்கு தாடி இருந்துச்சி. சும்மா தாடியில்ல, நெஞ்சு வரைக்கும். எதுக்குன்னு சொன்னா சிரிப்ப, சிரிச்சா இருமல் வரும், அதனால சிரிக்காம கேளு. இருவது வருஷமா நான் வெறும் ஃபயர்மேன். என் கூட சேந்தவன் எல்லாம் லீடிங் ஃபயர்மேன் ஆயி, சட்டக் கையில பட்ட குத்திகினு, எனுக்கே ஆர்டர் போடறான். இந்த வருஷம் மாதா கோயில் தேர் அன்னிக்கி போயி முட்டி போட்டு வேண்டிகினன், மாதாவே, லீடிங் ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் மொகத்துல கத்தி படாதுன்னு. புள்ள படிப்புக்கு வேண்டல, பொண்டாட்டி முட்டி வலிக்கு வேண்டல. சட்டக் கையில ஒரு பட்டைக்கு வேண்டிகினன். மாதாவும் பாத்திருப்பாங்க, இவன் வந்த லட்சணத்தன்னு.

எங்க வேலைல தாடி ஆவாது தங்கச்சி. நாங்க முதுவுல காத்து சிலிண்டர் கட்டி மொகத்துல மாஸ்க் மாட்டறோமே, பி.ஏ. செட்டுன்னு சொல்லுவோம், அந்த மாஸ்க்கோட ரப்பரு தோலோட ஒட்டணும். நடுவுல முடி இருந்தா ஒட்டாது. நல்ல காத்து அந்த சந்துல வெளிய ஓடிடும், நாம வேகமா மூச்ச இழுத்தா வெளிய இருக்கறது உள்ள வரும். இதுவும் நான் நடத்துற பாடந்தான். புள்ளைங்க முன்னாடி ஒருத்தன் மொகத்துல மாட்டிக் காட்டி, பாத்தீங்களா, ஃபயர்மேன் தெனமும் ஷேவ் பண்ணணும்னு, இந்தத் தாடிய வெச்சிகினே சொல்லியிருக்கறன். கரியமாணிக்கம் இஸ்கூல்ல ஒரு வாலு எழுந்து, அப்ப உங்க தாடி சார்னு கேட்டுச்சி. உக்காருடா, கேள்வி எல்லாம் கடைசிலன்னுட்டன்.

சிராஜுதீன் சார் வுடுவாரா. அண்ணே, எடுத்துடுங்கன்னாரு. மாதாவுக்கு நேந்துகினது சார்னன். மனுஷன் டக்குனு அடங்கிட்டாரு. அவுரு முஸ்லிமு, நான் கிறிஸ்டினு. இன்னொருத்தர் நேத்திக்கடன்ல கைய வுட்டா நல்லா இருக்காதேன்னு பெரிய மனசா ஒதுங்கி நின்னாரு. அவரோட அந்த நல்ல மனச நான் ஆறு மாசம் நல்லா உபயோகம் பண்ணிகினன். சரி அண்ணே, மாஸ்க் டெஸ்ட்டு பாஸ் பண்ணிட்டா வெச்சிக்கோங்கன்னாரு. பாஸ் பண்ணன். எப்பிடின்னு கேளு. பாத்ரூம்ல போயி அர டப்பா வாஸ்லின தாடியில அப்பிகினு வந்து மாட்டினன். அப்பிடியே ஒட்டிகிச்சி. அவுரு ஆச்சரியமா பாத்தாரு, நான் மாதா கிருபைன்னு சொன்னன்.

அன்னிக்கி வாஸ்லின் ஸ்டேஷன்ல கெடக்குது. உள்ள போவ அருள்தாஸும் பாக்யராஜும்னு சார் பேரு சொல்லிட்டாரு. ரெண்டு பேரும் சின்ன வயசு, மொழுமொழுன்னு மொகம். நான் நடுவுல பூந்து, சார், பாக்யராஜுக்கு அனுபவம் இல்ல, கூட நான் போறன், அருள்தாஸ் வெளிய ரெடியா நிக்கட்டும்னன். அனுபவம்னு வெளிய சொன்னன். உள்ளுக்குள்ள இன்னான்னா, அந்த மாசந்தான் பிரமோஷன் லிஸ்ட்டு மேல போவுது, நாப்பது போனு படம் புடிச்சிகினு நிக்குது. சார் என் தாடிய ஒரு தடவ பாத்தாரு. டெஸ்ட்டு பாஸ் சார்னன்.

அப்பிடியே வண்டிக்கு அந்தாண்ட போயி, நூருன்னிசா அக்கான்னு பொட்டிக்கடை வெச்சிருக்குதே, கடைய மூட முடியாம நின்னுகினு இருந்துச்சி, அது கிட்ட தேங்கா எண்ணெ பாக்கெட்டு ரெண்டு குடுக்கான்னு கேட்டன். அந்தக்கா என்ன ஒரு பார்வ பாத்துச்சி பாரு. ஊரே ஓடுது, ஃபயர் இஞ்சின் ஆளு தலைக்கு எண்ணெ கேக்கறான். குடுத்துச்சி. காசும் வாங்கல. பல்லால கடிச்சி தாடியில ஊத்தி தடவி மாஸ்க்க மாட்டினன். மஞ்ச கலர் சூட்டு, எனுக்கு ஒரு சைஸு சின்னது, வயித்து கிட்ட ஜிப்ப பாக்யராஜ் முட்டி குடுத்து இழுத்தான். கைதட்டறானுங்க தங்கச்சி. எனுக்கு கைதட்டறானுங்க. கண்ணு கலங்கிடுச்சி எனுக்கு.

உள்ள போனா வெள்ள வெளேர்னு இருக்குது. நீட்டுன கை தெரியல. ரெண்டு பேரும் செவுத்த தடவிகினே போறோம். எங்களுக்கு ஒரு சட்டம், ரெண்டு பேரா போனா ரெண்டு பேராத்தான் வரணும். ஒருத்தனுக்கு ஒண்ணுன்னா அடுத்தவன் செஞ்சிகினு இருக்கற வேலைய போட்டுட்டு கூடவே வெளிய வந்துடணும். பாக்யராஜுக்கு வால்வு கெடச்சிச்சி, திருவ ஆரம்பிச்சான். நான் நாலு எட்டு தள்ளி, துணி மாத்துற ரூம்பு பக்கம் தேடறன். சூட்டுக்குள்ள வேர்வ ஆறா ஓடுது. வேர்வயும் எண்ணெயும் சேந்து, மாஸ்க்கு மொகத்துல வழுக்கிகினு எறங்குது. நெத்திய வுட்டு எறங்கி தாடய தொடுது. சிலிண்டர் காத்து புஸ்ஸுனு வெளிய போவுது, அர மணி நேரத்துக்கு வர வேண்டியது அஞ்சாவது நிமிஷத்துலயே காத்து தீருதுன்னு விசில் அடிக்குது. விசில் சத்தத்துல பயந்து ஒரு மூச்ச இழுத்தன் பாரு. தொண்டைக்குள்ள கம்பிய காய்ச்சி வுட்ட மாதிரி இருந்திச்சி.

வெளிய எப்பிடி வந்தன்னு எனுக்கு பாதி தெரியாது. தவழ்ந்தன்னு பாக்யராஜ் சொல்றான். வால்வு பாதி திருவினது திருவின மாதிரி இருக்க, அவனும் சட்டப்படி என்ன இழுத்துகினு வந்துட்டான். ஷவர்ல போட்டு என்ன கழுவறாங்க, நான் வாந்தி எடுக்கறன், பேச வரல. கைய மட்டும் தூக்கி, ஒரு ஆளு, இடது பக்கம், ரூம்புன்னு காட்டினன். அருள்தாஸும் இன்னொருத்தனும் நேரா அங்க போயி உன்ன தூக்கியாந்தாங்க. வால்வையும் மூடிட்டாங்க. நான் வெளிய வந்ததுல இருந்து நீ வெளிய வர்ற வரைக்கும் ஒம்போது நிமிஷம். சார் வாட்ச்ச பாத்து எழுதி வெச்சிருக்கறாரு.

ஒண்ணு சொல்லட்டுமா, அன்னிக்கி அந்தக் கம்பெனில ஒழுங்கா நடந்துகின ஒரே ஆளு நீதான். கொழாய தொறந்து வுட்டு, முந்தானைய நனைச்சி மொகத்துல சுத்திகின. இந்தப் பொகைக்கு அதுதான் சரி, தண்ணி அத்த உறிஞ்சிக்கும். டாக்டரும் சொன்னாரு, அந்த ஈரத் துணிதான் அந்தம்மாவ நிறுத்தி வெச்சிதுன்னு. முப்பதாயிரம் ரூபா மாஸ்க்க மாட்டின எனுக்கு இல்லாத அறிவு.

அப்பால என் கத கேளு. வார்டுல கெடக்கறன், பேப்பர்ல என் போட்டோ. தன்னுயிர மதிக்காத வீரராம். மதிக்காமத்தான் எண்ணெ தடவிகினனா. பொன்னாட வேற போத்தனாங்க, டிரிப்ஸு டியூப் மேலயே. சிராஜுதீன் சார் வந்து, அண்ணே, ரிப்போர்ட்டு எழுதணும், மாஸ்க்கு எப்பிடி கழண்டுச்சின்னாரு. மாஸ்க் பெல்ட்டு லூஸா இருந்திருக்கும் சார்னன். பெல்ட்ட பாத்துக்கறது பாக்யராஜ் வேல. அது எனுக்கு தெரியும், தெரிஞ்சேதான் சொன்னன். உள்ள அந்தம்மாவ பாத்தீங்களான்னாரு. இல்ல சார், எதோ தட்டற சத்தம் கேட்டுச்சி, அத்த வெச்சிதான் கை காட்டினன்னு சொன்னன். அப்பிடியே எழுதி, நான் கையெழுத்தும் போட்டன்.

இன்னா, கண்ண இப்பிடி பெருசா வெச்சிகினு பாக்கற? நான் இன்னும் முடிக்கலம்மா.

உன் பொண்ணு இன்னொண்ணும் சொல்லிச்சி. கண்ணு முழிச்ச நாள்ல இருந்து நீ நோட்டுல திரும்பத் திரும்ப ஒரே விஷயத்த எழுதறியாம். ஒருத்தர் வந்தாங்க, என் கையப் புடிச்சாங்க, வுட்டுட்டுப் போயிட்டாங்கன்னு. அருள்தாஸ கேட்டாங்க, நாங்க வுடலையே, புடிச்சது புடிச்ச மாதிரி தூக்கியாந்தோமேன்னான். நெஜந்தான், அவன் வுடல. ஃபயர் சர்வீஸ் ரிப்போர்ட்ட எடுத்துப் பாத்தாங்க, அதுக்கு முன்னாடி யாரும் உன் கிட்ட வரவே இல்லன்னு போட்டிருக்குது. உங்க அக்கா, செத்துப்போன உன் வூட்டுக்காருதான் வந்தாருன்னு சொல்லுது. பக்கத்து வூட்டு விஜயராணி, மாதாவே வந்தாங்கன்னு மெழுவர்த்தி ஏத்திட்டு வந்துச்சாம். டாக்டர் மூளைக்கு காத்து பத்தலன்னா இப்பிடித் தோணும்னாரு. கம்பெனிக்காரன் இத்தத்தான் புடிச்சிகினான். வராத ஆள வந்தான்றா, இவ வால்வு சொட்டுச்சின்னு சொல்றத மட்டும் எப்பிடி நம்பறதுன்றான்.

இத்த உன் பொண்ணு எனுக்கு சொன்னது போன வெள்ளிக்கெழம, டிஸ்சார்ஜ் ஆயி வூட்ல இருக்கறப்ப, போன்ல. சொல்லிட்டு, நீங்க உள்ள போனீங்களே மாமா, அங்க வேற யாராவது இருந்தாங்களான்னு கேட்டுச்சி. நான் இல்லம்மான்னு சொல்லிட்டு போன வெச்சிட்டன். வெச்சிட்டு சோறு துன்னன். துன்னன்றன், ரெண்டு தட்டு துன்னன். அன்னிக்கி வெள்ளிக்கெழமைன்னு கறி கூட இல்ல, வெறும் கீரக் கொழம்பு.

உன் வலது கை. கிளவுஸ் போடாத கை. இன்னொரு கைல ரப்பர் கிளவுஸு, கட்ட வெரல் கிழிஞ்சிருந்துச்சி. நீ கொழா கிட்ட குந்திகினு இருந்த, மூஞ்சி பூரா ஈர முந்தான. நான் தடவிகினே வந்து உன் தோள தொட்டன். தொட்டதும் என் கைய புடிச்சிகின பாரு, யப்பா, இன்னா புடி அது. அந்த நேரத்துலதான் மாஸ்க்கு எறங்கிச்சி, விசில் அடிச்சிச்சி. நான் இழுக்கறன், நீ வுட மாட்டன்ற. ஒவ்வொரு வெரலா நான்தான் பிரிச்சன். நாலு வெரல் வந்துடுச்சி, சுண்டு வெரல் மட்டும் வரல, என் கிளவுஸ் மடிப்புல கொக்கி மாதிரி மாட்டிகினு இருந்துச்சி. அத்தயும் எடுத்துட்டு உன் பொறங்கையில ரெண்டு தட்டு தட்டினன். எங்க டிரில்லுல ரெண்டு தட்டுனா, இங்கயே இரு, திரும்பி வர்றன்னு அர்த்தம். நீ அத்தயும் எழுதியிருக்கறியாமே, ரெண்டு தடவ தட்டினாங்கன்னு. நான் திரும்பி வரல.

அழுவாத. அழுதா மூக்கடைக்கும், நர்ஸம்மா என்னத்தான் கேக்கும். கைய வுட்டது கூட தப்பில்ல தங்கச்சி, காத்து தீந்தவன் வெளிய வந்துடணும், இல்லன்னா அருள்தாஸு ரெண்டு பேர தூக்கணும், ரெண்டு பேரும் போயிருப்போம். எந்த என்கொயரி வெச்சாலும் அது சரின்னுதான் சொல்லுவாங்க. எனுக்கு அந்தப் பயம் இல்ல. கைய ஏன் வுட்டன்னு கேட்டா தாடிய சொல்லணும், தாடிய சொன்னா எண்ணெ பாக்கெட்ட சொல்லணும். அந்த வெக்கத்துக்கு பயந்துதான் உன்ன பாக்கவே இல்லன்னுட்டன். நான் ஒரு பொய்ய சொல்லிட்டு வூட்ல கீரக் கொழம்பு துன்றன், நீ இங்க உன் புத்திய நீயே சந்தேகப்பட்டுகினு படுத்திருக்கற.

நேத்து காத்தால ஸ்டேஷனுக்குப் போயி புதுசா எழுதிக் குடுத்துட்டன். எண்ணெ பாக்கெட்டு, வாஸ்லினு, பெல்ட்டு நல்லாதான் இருந்துச்சின்றது, உன் கை, கிழிஞ்ச கிளவுஸு, ரெண்டு தட்டு, எல்லாம். சிராஜுதீன் சார் ரெண்டு தடவ படிச்சாரு. அண்ணே, இத்த நான் மேல அனுப்பியே ஆவணும்னாரு. டிராயர தொறந்து ஒரு கவர காட்டினாரு, லீடிங் ஆர்டரு, முந்தாநேத்துதான் வந்துச்சாம். இதயும் திருப்பி அனுப்பணும் அண்ணேன்னாரு. அனுப்புங்க சார்னன். அவுருதான் அழுதாரு. லேபர் ஆபீசுக்கும் ஒரு காப்பி போயிடுச்சி. அப்பிடியே நேரா சலூனுக்கு போனன். சலூன்காரன், வேண்டுதல் நெறவேறிடுச்சாண்ணான்னு கேக்கறான். ஆமாப்பா, சீக்கிரம் வழிச்சி எடுன்னன்.

நாளைக்கி அந்த ஆபீசரு வந்து கேப்பாரு, கைய புடிச்சி வுட்டாங்கன்றியே, அது யாரும்மான்னு. முழிக்காத. உன் மூளைக்கு ஒண்ணும் ஆவல, வால்வு சொட்டினதும் நெஜம், நான் வந்ததும் நெஜம். அந்த நோட்ட இப்பிடி திருப்பு. பேனாவ நான் புடிக்கல, நீயே எழுது, உன் கையெழுத்துல இருக்கட்டும். இன்னாசிமுத்து. ஆங். பக்கத்துலயே வேலையும் போடு. லீடிங்னுலாம் போடாத, வெறும் ஃபயர்மேன்.